முன்கூட்டியே வைத்த சொதி

சொதி எங்கள் பக்கத்துச் சாப்பாடு இல்லை. எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம், காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஒரு கிராமம். அங்கே களி, கீரை மசியல், கொள்ளுக் குழம்பு. விசேஷம் என்றால் கறி. தேங்காய்ப் பாலில் காய்கறிகளை வேகவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்பதே ஓசூருக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். என் தங்கை அதை முதலில் கேள்விப்பட்டது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில். சொன்னவன், அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தவன்.

அவன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவன். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவன் மெயின்டனன்ஸ், அவள் குவாலிட்டி. ஒரே ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்த பழக்கம் சில வருடங்களில் கல்யாணப் பேச்சாக மாறியது. அப்பாவிடம் சொன்னபோது அவர் பல நாள் அவளிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் செய்து, "பையனோட ஆளுங்க வந்து கேக்கட்டும், பாக்கலாம்" என்றார். எங்கள் அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. ஓசூரில் வாடகை வீட்டில் நானும் தங்கையும்தான். அப்பா ஊரில் தோப்பைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார்.

அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். அவர்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. நாங்கள் அப்படியில்லை, சாதியும் வேறு. அந்த அம்மா ஓசூருக்கு வந்து, பெண்ணைப் பார்த்து, சரி என்றால் கல்யாணம். வேண்டாம் என்றால் இல்லை. அம்மாவை எதிர்த்துக்கொண்டு தாலி கட்ட மாட்டேன் என்று அவனே தங்கையிடம் முன்பே சொல்லியிருந்தான். அதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. "அம்மா மேல பாசமா இருக்கறவன் பொண்டாட்டி மேலயும் இருப்பான்" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த அம்மா மகனின் அறையில் வந்து தங்கியிருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அப்பா முதல் நாளே பஸ்ஸில் வந்துவிட்டார். வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியில் மாம்பழம் கொண்டு வந்திருந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சோறு போடப் போறீங்களாமே?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் எடுத்துக்கொள்வார்கள். இலையில் உட்கார மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்காத வீட்டில், எவ்வளவு பசித்தாலும், "இன்னொரு நாள் வந்து சாப்படறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பெண் வீட்டாருக்குப் பதில் தெரிந்துவிடும்.

"முடியறதுக்கு முன்னாடி சோறு போடறது எங்கயாச்சும் உண்டா?" என்றார் அப்பா.

"அவங்க ஊர்ல அப்படி இல்லயாம்ப்பா. வந்தவங்களச் சாயங்கால நேரத்துல வெறும் காப்பியோட அனுப்பினாத்தான் மரியாதக் கொறச்சலாம்" என்றாள் தங்கை.

"யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு."

அப்பா கொஞ்ச நேரம் மாம்பழங்களைத் திருப்பித் திருப்பி வைத்தார். "செரி. ஆனா உக்காந்து சாப்டுட்டாங்கன்னா முடிஞ்சிதுன்னுதான் நான் எடுத்துக்குவேன்."

"நீ எடுத்துக்கோ. வாய விட்டுச் சொல்லாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்" என்றார்.

என்ன சமைப்பது என்பதை அவள் அவனிடமே கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

"சொதிதான். சொதி வச்சிட்டா போதும், வேற ஒண்ணும் கேக்காது. இஞ்சித் துவையல் அரைச்சிரு. உருளைக்கிழங்கு பொரிச்சிரு. அம்புட்டுதான்."

"எனக்கு வராதே."

"யூடியூப்ல நெறைய கெடக்கு, பாத்துக்கோ. எங்கம்மா மாதிரி வராது, ஆனா முயற்சி பண்ணலாம்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் வீட்டில் சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் சொதி உண்டு. சாப்பிடுகிறவனுக்கு அது அம்மா கைக்குழம்பு. அதற்கு வேறு ஓர் இடம் உண்டு என்பது நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

ஞாயிறு காலையில் தங்கை சமையலறையை மேலிருந்து கீழ்வரை கழுவினாள். மீன் நறுக்கும் அரிவாள்மணையையும் கறிச் சட்டியையும் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம். புதுக் கத்தி, புதுப் பாத்திரம் இரண்டு. மிக்ஸி ஜார்தான் பிரச்சினை. எவ்வளவு தேய்த்தும் மூடியின் ரப்பரில் மசாலா வாசனை போகவில்லை. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், சுத்த சைவம். அவரிடம் கேட்டதும் தன்னுடைய ஜாரைத் தூக்கிக் கொடுத்தார். "இத்ரல்லி பரீ காயி அஷ்டே" என்றார். அதில் தேங்காயைத் தவிர வேறெதுவும் அரைத்ததில்லை என்று அர்த்தம். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தமிழுக்கு மாறி, "சாப்பாடு ஆனப்புறம் சீகரணி குடு. பொண்ணு கையால இனிப்பு சாப்ட்டா மனசு எளகும்" என்றார்.

சீகரணி கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செய்கிற இனிப்புதான். மாம்பழத்தைப் பிசைந்து, காய்ச்சி ஆறவைத்த பால் விட்டு, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்ப்பது. எங்கள் அம்மா அதில் ஒரு சொட்டு நெய் விடுவார். மாம்பழக் காலத்தில் எங்கள் வீட்டில் இரவுச் சோற்றுக்குப் பிறகு அது இல்லாமல் இருக்காது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தங்கை பழத்தைத் தொட்டுப் பார்த்தே எது சாயங்காலத்துக்குள் கனியும் என்று எடுத்து வைத்தாள்.

சொதி வேறு. அதற்கு இருவரும் போன் திரையைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றோம். தேங்காயை அரைத்து மூன்று முறை பால் பிழிய வேண்டும். கடைசியில் பிழிந்த நீர்த்த பாலில் பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி வேகும். பீன்ஸும் கேரட்டும் அன்று காலைதான் ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்தவை. ஒடித்தால் சத்தம் கேட்டது. வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, அரைத்த பச்சைமிளகாய், இஞ்சிச் சாறு, இரண்டாம் பால். கடைசியாக முதல் பால் விட்டதும் கொதிக்க விடக்கூடாது. இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும்.

"ண்ணா, கிண்டிக்கினே இருக்காத. ஓரத்துல நொர வந்தா எறக்கிடு."

"எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னா தெரியும்? நீ பேச்சிலர் ரூம்ல வச்சதெல்லாம் ஒரே கொழம்பு. பேரு மட்டும் தெனம் மாறும்."

அது உண்மை. செய்தித்தாள் வேலையில் ஊர் ஊராக இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட சமையல் அவ்வளவுதான்.

அப்பா வாசலில் வந்து நின்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பாயசமா?"

"கொழம்புப்பா."

"கொழம்புன்னா ஒரு நெறம் வேணாமா? சீக்காளிக்கு வைக்கற கஞ்சி மாதிரி கீது." கொஞ்சம் நின்று, "களியும் மசியலும் வச்சா என்னா? நம்ம வூட்ல நம்ம சாப்பாடு" என்றார்.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் களியா? போப்பா நீ."

அந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று வீட்டில் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். காரணம் தெரிந்து சொல்லவில்லை. களி பிடிக்கும் என்பதால் சொன்னார்.

சொதி திரியாமல் வந்தது. உருளைக்கிழங்கைப் பொரித்தோம்; நூல்கோல் கூட்டு, பீட்ரூட் பொரியல், இஞ்சித் துவையல். தங்கை ஒரு கரண்டி சொதியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட அவளிடம் எதுவுமில்லை. அவன் சொல்லிக் கேட்டது மட்டும்தான்.

வெயில் தணிந்தபோது அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா ஒல்லியான உருவம். இளம்பச்சைக் கைத்தறிச் சேலை. செருப்பை வாசலில் நேராகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டு, "நல்லா இருக்கியளா அண்ணாச்சி" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் தெற்கத்தி மளிகைக் கடைக்காரர். அப்பா முகத்தில் சின்னக் குழப்பம் வந்து போனது. அவர்கள் ஊரில் மரியாதைக்குச் சொல்வது என்று நான் பிற்பாடு விளக்கினேன்.

அந்த அம்மா தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எங்கள் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். கேட்டுவிட்டு, "பொம்பளத் தொணை இல்லாம வீட்டப் பாத்துக்கிட்டு, வேலைக்கும் போற. செரமந்தான்" என்றார். "எம்மவன் போட்டோவுல காட்டுனத விட நீ நல்லா இருக்க தாயி." தங்கை தலைகுனிந்தாள். அவள் கை இன்னும் அந்த அம்மாவின் கைக்குள் இருந்ததை நான் கவனித்தேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். அவனுக்கும் அன்று பரீட்சைதான்.

சாப்பாட்டுக்கு எழச் சொன்னபோது அந்த அம்மா தயங்கவில்லை. கால் கழுவி வந்து பாயில் உட்கார்ந்தார், மகன் பக்கத்தில். அப்பா எதிரே நாற்காலியில். வீட்டுத் தலைவர் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவது எங்கள் முறை. இலையில் தண்ணீர் தெளித்ததும் அப்பாவின் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அவர் கணக்கில் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

தங்கை பரிமாறினாள். துவையல், பொரியல், கூட்டு, உருளைக்கிழங்கு, சோறு. பிறகு சொதியை ஊற்றினாள். அந்த அம்மாவின் கை இலைக்கு மேலே நின்றது.

"சொதியா?"

"ஆமாங்கம்மா."

அவர் ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டார். மென்று விழுங்கினார். "பக்குவமா வந்திருக்கு" என்றார். பிறகு, "யாரு சொல்லித் தந்தா?"

தங்கை அவனைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"போன்ல பாத்துப் பண்ணேங்கம்மா" என்றாள்.

"அப்படியா." அந்த அம்மா சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "எங்க பக்கம் இது மறுவீட்டுச் சாப்பாடுல்லா. கல்யாணம் முடிஞ்ச மறுநா, பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்கும் அவன் ஆளுகளுக்கும் வைப்பாவ. வீட்டுல நமக்குன்னு வச்சிக்கிடறது வேற. வந்தவங்களுக்கு இலையில வைக்கது அன்னைக்குத்தான்."

கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் பட்ட சத்தம் கேட்டது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நான்தான் செய்யச் சொன்னேன், எனக்குத் தோணல என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். அவனைக் கேலி செய்திருப்போம். அந்த அம்மாவே முதலில் சிரித்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. அவன் சொல்லவில்லை.

அவனுக்குப் பதில் பேசியவர் அப்பா. அவருக்குக் காதில் விழுந்தது மாப்பிள்ளை, பொண்ணு வீடு என்ற இரண்டு சொற்கள். முகம் மலர்ந்து, "அப்பிடின்னா நல்ல சகுனந்தான். கையும் நனைச்சிட்டீங்க. இனிமே என்னா, சம்பந்தின்னே கூப்புடறேன்" என்றார்.

தங்கை கண்ணை மூடித் திறந்தாள்.

"மெதுவாப் பேசுவோம் அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு அவர் இலையில் இருந்ததை மட்டும் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. தங்கை கொண்டுபோனபோது கையை விரித்து இலையை மறைத்தார். மோர் மட்டும் வாங்கிக்கொண்டார். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார். எதிர்ப்பக்கமாக மடித்திருந்தால் மனம் கோணியிருக்கிறது என்று பொருள். அவர் எந்த மரியாதையிலும் குறைவைக்கவில்லை. அதனால்தான் அன்று எங்களுக்கு எதுவும் உறுதியாகப் புரியவில்லை.

கை கழுவி வந்து உட்கார்ந்தபோது தங்கை எவர்சில்வர் கிண்ணத்தில் சீகரணி கொடுத்தாள்.

"இது என்னது?"

"மாம்பழங்கம்மா. எங்க தோப்புப் பழம். பாலும் வெல்லமும் போட்டு, எங்கம்மா செய்வாங்க."

அந்த அம்மா ஒரு ஸ்பூன் எடுத்தார். பிறகு நிதானமாக, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்தார். "நல்ல பழம். இது உங்க வீட்டுப் பண்டம், என்ன?" என்றார். தங்கை ஆமாம் என்றாள். அந்த மாலையில் அந்த அம்மா ஏதோ ஒன்றை முழுமனதோடு சாப்பிட்டார் என்றால் அதுதான். நாங்கள் வைத்த மற்றதெல்லாம் அவர் ஊர்ச் சாப்பாட்டின் நகல். இது ஒன்றில்தான் அவர் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக இருந்தார்.

போகும்போது தங்கையின் கன்னத்தைத் தொட்டு, "வாறேன் தாயி. சொல்லி அனுப்புதேன்" என்றார். அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

பாத்திரம் தேய்க்கும்போது தங்கை கேட்டாள்: "சீகரணிய முழுசாச் சாப்ட்டாங்க இல்ல ண்ணா?"

"சாப்ட்டாங்க."

"பிடிக்கலன்னா முழுசாச் சாப்டுவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா கூடத்திலிருந்து, "கையே நனைச்சிட்டாங்க. அதுக்கு மேல என்னாம்மா வேணும்? ஆனா என்னை எதுக்கு அண்ணாச்சின்னாங்க, பொட்டலம் கட்றவன் மாதிரியா கீறேன்?" என்றார். அவள் சிரித்தாள். அன்று கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

சொல்லி அனுப்புகிறேன் என்றவரிடமிருந்து நேராக எதுவும் வரவில்லை. அந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். அவன் மூலமாகத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. பெண்ணைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அவசரப்படுகிற வீடாக இருக்கிறது என்றாராம். நான் பார்த்துச் சொல்வதற்கு முன்னால் மறுவீட்டுச் சாப்பாடே வைத்துவிட்டார்கள், சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார்கள் என்றாராம். எல்லாவற்றையும் நீங்களே பேசி முடித்துவிட்டு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று மகனைக் கேட்டாராம். அப்புறம், தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றாராம்.

சொதியால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வேறு சாதி, கறி சாப்பிடும் வீடு என்ற தயக்கத்தோடுதான் அவர் வந்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடியே வந்திருக்கலாம். ஆனால் தங்கையின் கையை அவர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தை நான் பார்த்தேன். காரணம் தேடி வந்தவர் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஒருநாள் மதியம், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து பேக்கரியில் அவனைப் பார்க்கப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். நான் அடுத்த மேசையில் டீயோடு உட்கார்ந்தேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போனபோது பேச்சு நின்று, பிறகு தொடர்ந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றாள். "சொதி வைக்கச் சொன்னது நீதான்னு உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"அவங்க கேட்டாங்க. நீதான் சொல்லிக் குடுத்தியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னேன்."

"தெரியாதா?"

"ஆமான்னு சொன்னா, நாம ரெண்டு பேரும் சேந்து பிளான் பண்ணிட்டோம்னு நெனைப்பாங்கல்லா. எம்மேல கோவப்பட்டா பொறவு பேசவே விட மாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும். நான் மெதுவா எடுத்துச் சொல்லுதேன். அம்மா மனசு எனக்குத் தெரியும்."

"அப்ப நாங்களா பண்ணிட்டோம்னு நெனைக்கட்டும்னு விட்டுட்ட."

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

ஒரு லாரி போனது.

"உங்கம்மா மேல எனக்குக் கோவமில்ல" என்றாள் தங்கை. "அவங்க இலையிலயே வெளிப்படையாக் கேட்டாங்க. நான் உன்னப் பாத்தேன். நீ உருளக்கெழங்கு சாப்ட்ட."

அவனுக்கு முகம் சிவந்தது. "அதுக்காகவா?"

"நாள பின்ன உங்க வீட்ல ஏதாவது தப்பு நடக்கும். யாரு பண்ணதுன்னு கேப்பாங்க. அப்பவும் நீ இலையத்தான் பாப்ப. எனக்கு அது வேணாம்."

அவன் தை வரைக்கும் பொறுக்கச் சொன்னான். அவள், "தைக்கு நீ உங்கம்மா சொல்ற எடத்துல பாத்துக்கோ" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து, முகத்தைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டு, ஷிப்ட் பஸ்ஸுக்குப் போனாள். அவனும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டியவன். போகவில்லை. நான் டீக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கெட்டவன் இல்லை. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களில் சென்னைப் பக்கத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அப்பாவிடம் தங்கை, "ஒத்து வரலப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அதற்குத் தாமாக ஒரு காரணம் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்காதே என்று மகள் சொல்லியும், சம்பந்தி என்ற சொல்லை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த அம்மா போய்விட்டார். அவர் மனதில் அது கல்லில் வெட்டியது போல நின்றுவிட்டது. ஊரில் யாராவது பெண் கேட்டு வந்தால் இப்போதெல்லாம் அவர் பேசுவதில்லை. "எம் பையன் பேசுவான்" என்று எழுந்து வெளியே போய்விடுகிறார். பேசத் தெரிந்த மனிதர். சந்தையில் மாங்காய் விலை பேசினால் நாலு பேர் நின்று கேட்பார்கள்.

உண்மையை அவரிடம் சொல்லிவிடு என்று தங்கையிடம் பலமுறை சொன்னேன். அவள் மறுத்தாள். "சொன்னா அப்பா அவர ஊர் பூரா திட்டுவாரு. அதக் காதால கேக்கணுமா நான்?" அப்போதும் அவனை 'அவர்' என்றுதான் சொன்னாள். நானாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றும் சொன்னாள்.

போன வாரம் அப்பா கண் பரிசோதனைக்காக ஓசூருக்கு வந்திருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கூச்சம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். நானும் தங்கையும் வழியனுப்ப நின்றோம். அவளுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. ஒரு புது வரன் பற்றி நான் பேச்செடுத்தேன். அப்பா, "நீயே போய்ப் பாரு. நான் வந்தா எதாச்சும் ஒளறி வைப்பேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உன் வார்த்தையால போகல அது."

"விடும்மா. ஆன வயசுக்கு எனக்குப் புத்தி வேணும்."

"நான்தான் வேணாம்னு சொன்னேன். அந்தக் கொழம்ப வைக்கச் சொன்னது அவரு. அவங்கம்மா கேட்டப்ப தெரியாதுன்னுட்டாரு. அதனால நான் வேணாம்னேன்."

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சம் தாங்காமல் மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப நான் சம்பந்தின்னது தப்பில்லியா?"

"தப்புதான். ஆனா அதால போகல."

அவர் தலையாட்டினார். அதற்குள் கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். தங்கை கீழே ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவளைப் பார்த்தார்.

"இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"

பஸ் நகர்ந்தது. அது ரவுண்டானாவைத் தாண்டிப் போகும்வரை அவள் அந்த இடத்திலேயே நின்றாள்.